பனாமாவில் மகனுக்கு ஒரே ஒரு நாள்: சான் லொரென்சோ கோட்டையா, பழைய பனாமாவா?

தக்கலை வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். மகன் பல்க் கேரியர் ஒன்றில் தேர்ட் இன்ஜினியராக இருக்கிறான். நவம்பர் மாதம் பனாமாவில் கோலோன் துறைமுகத்தில் சைன் ஆஃப், அதாவது ஒப்பந்தம் முடிந்து கப்பலை விட்டு இறங்குவது. கப்பலை விட்டு இறங்கிய மறுநாள் முழுக்க சும்மா, அதற்கு அடுத்த நாள் இரவுதான் விமானம் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறாராம். "என்னடா செய்யப் போற?" என்று கேட்டேன். "தூங்குவேன், சாயங்காலம் மாலுக்குப் போய் அம்மாவுக்கு ஏதாவது வாங்குவேன்" என்றான்.

எனக்கு மனது கேட்கவில்லை. 31 வருஷம் கரும்பலகையில் பனாமா கால்வாயை வரைந்தவன் நான். வலப்பக்கம் அட்லாண்டிக், இடப்பக்கம் பசிபிக், நடுவில் ஒரு நேர்க்கோடு. நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்திருக்கிறது. அதை மாலில் கழிப்பானாம்.

படித்துப் பார்த்ததில் மூன்று இடம் தேறியது. சாக்ரெஸ் ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கும் சான் லொரென்சோ கோட்டை, வெள்ளிச் சந்தை நடந்த போர்ட்டோபெலோ, 1519இல் ஸ்பானியர் கட்டி 1671இல் எரிந்துபோன பழைய பனாமா நகரம். மூன்றையும் ஒரு நாளில் பார்க்க முடியாது என்று தெரிகிறது. அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், எதற்குப் போகலாம், எப்படிப் போகலாம், பயம் உண்டா என்று சொல்லுங்கள். சான் லொரென்சோவைச் சுற்றி மழைக்காடு என்கிறார்கள். வீட்டில் அதைக் கேட்டதிலிருந்து, "பத்து மாசம் கழிச்சு வாற பிள்ளைய காட்டுக்குள்ள அனுப்பாண்டாம்" என்று ஒரே பேச்சு.

மணவாளக்குறிச்சி மணல்:

சார், தப்பா நினைக்காதீங்க. உதயகிரிக் கோட்டை உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதற்குள்ளே, டச்சுப் படையிலிருந்து திருவிதாங்கூருக்கு வந்த டிலனாயின் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருப்பதை நம்ம ஊரில் எத்தனை பேர் நின்று படித்திருப்பார்கள்? பனாமா வரைக்கும் போய் இடிந்த கோட்டை பார்க்க வேண்டுமா? பையன் தூங்கட்டும். இன்ஜின் ரூமில் கிடந்து வருகிறவனுக்குத் தூக்கம்தான் சுற்றுலா.

கொளச்சல் போசன்:

சார், வணக்கம். நான் கொளச்சல். 19 வருஷமாகக் கப்பல், இப்போது போசன், டெக் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. அந்தக் கால்வாயைப் பதினான்கு முறை தாண்டியிருக்கிறேன். ஆனால் பனாமா என்று ஒரு நாடு இருப்பதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கரும்பலகை. கால்வாய் கிழக்கு மேற்காக ஓடவில்லை சார். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. அட்லாண்டிக் பக்கத்து கோலோன் மேற்கே இருக்கிறது, பசிபிக் பக்கத்து பல்போவா அதற்குக் கிழக்கே. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிற கப்பல் கிழக்கே போகிறது. முதல் தடவை பிரிட்ஜில் காம்பஸைப் பார்த்துவிட்டு, ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். செகண்ட் மேட் விழுந்து விழுந்து சிரித்தார். கன்னியாகுமரிக்காரன் சூரியன் விஷயத்தில் ஏமாறக் கூடாது, நான் ஏமாந்தேன்.

டெக்கில் நிற்கிறவனுக்குக் கால்வாய் என்றால் கான்கிரீட் சுவரும் வடமும்தான். ராத்திரி மூன்று மணிக்கு ஆங்கரேஜில் எழுப்புவார்கள். பைலட் ஏறுவார். மற்ற துறைமுகங்களில் பைலட் வழி சொல்வார், பொறுப்பு கேப்டனுடையது. இங்கே கப்பலே பைலட் கைக்குப் போய்விடும். பழைய கத்தூன் லாக்கில், அதாவது தண்ணீர் நிரப்பிக் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டியில், முதல் கயிறு எப்படி வந்தது தெரியுமா? இரண்டு பேர் சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டு வந்து கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய இரும்புக் கப்பல், அந்த முதல் கயிறு மட்டும் நம்ம ஊர் மாதிரி வள்ளத்தில். அப்புறம் சுவர்மேல் தண்டவாளத்தில் ஓடும் மின்சார இன்ஜின்கள் இரண்டு பக்கமும் வடத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு 'மியூல்' என்று பேர், கோவேறு கழுதை. மூன்று படி ஏறி, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே கத்தூன் ஏரிக்குப் போவோம். சுவருக்கும் கப்பலுக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் காட்டையா பார்ப்பான்?

2022 பிப்ரவரியில் கோலோனில் சைன் ஆஃப் ஆனேன். உங்கள் பையனுக்குக் கிடைத்த மாதிரியே ஒரு நாள் கிடைத்தது. கூட ஒரு பிலிப்பினோ ஏபி, டெக் மாலுமி. அவன்தான் சான் லொரென்சோ போவோம் என்று இழுத்தான். எனக்கும் தூங்கத்தான் ஆசை.

ஹோட்டலில் சொல்லி ஒரு டாக்சி பிடித்தோம். போக, அங்கே காத்திருக்க, திரும்ப என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். அங்கே போய்விட்டால் திரும்பி வர வண்டி கிடைக்காது. டாலர் அப்படியே செல்லும், மாற்ற வேண்டாம். கோலோன் ஊருக்குள் மட்டும் நடந்து சுற்ற வேண்டாம் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது முரட்டு ஊர். வாசலில் ஏறி வாசலில் இறங்க வேண்டும். 2019இல் கால்வாய்க்கு மேலே பெரிய பாலம் கட்டித் திறந்துவிட்டார்கள், அதில் ஏறினால் கோட்டைப் பக்கம். நாங்கள் பாலத்தில் போகும்போது அடியில் ஒரு கன்டெய்னர் கப்பல் போய்க்கொண்டிருந்தது. நான் மேலே, கப்பல் கீழே. வாழ்க்கையில் முதல் தடவை.

கத்தூன் பக்கத்தில் டாக்சிக்காரர் வண்டியை மெதுவாக்கி ஒரு வாய்க்காலைக் காட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் 1881இல் ஆரம்பித்து, முடிக்க முடியாமல் 1889இல் கைவிட்டுப் போனதில் மிச்சம். ஆகாயத்தாமரை மாதிரி ஏதோ படர்ந்து, தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்கு உடனே தேங்காய்ப்பட்டணம்தான் ஞாபகம் வந்தது, நம்ம ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய். மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலுமாக அந்தப் பிரெஞ்சு வேலையில் ஏறக்குறைய 22,000 பேர் செத்தார்கள் என்கிறார்கள். நம்ம கால்வாய்க்கு அவ்வளவு பெரிய சோகம் இல்லை. பாதியில் நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் ஷெர்மன் என்று ஒரு இடம். அமெரிக்க ராணுவம் காட்டுச் சண்டைக்குப் பயிற்சி கொடுத்த முகாம், இப்போது காலிக் கட்டடங்கள். அங்கே கேட்டில் பேர் எழுதிக்கொண்டு விடுவார்கள். அதைத் தாண்டினால் காடுதான். தார் ரோடு, இரண்டு பக்கமும் மரம், மேலே கூரை மாதிரி மூடியிருக்கும். கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் போகிற ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ரப்பரை மட்டும் எடுத்துவிடுங்கள். காருக்குள் ஏசி ஓடும்போதே ஒரு சத்தம் கேட்டது. எங்கோ பழைய ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்ய யாரோ மல்லுக்கட்டுகிற மாதிரி. குரங்கு என்றார் டிரைவர். கருப்பாக, உச்சிக்கிளையில் படுத்துக்கொண்டு கத்துகிறது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தமா என்று இருந்தது. வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், வண்டி கோட்டை வாசல் வரைக்கும் போகும். காட்டுக்குள் நடக்க வேண்டியதில்லை.

கோட்டைக்கு வருகிறேன். வட்டக்கோட்டையில் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே நிற்பு. ஆனால் இங்கே செங்குத்துப் பாறை. கீழே சாக்ரெஸ் ஆறு காபி நிறத்தில் வந்து நீலக் கடலில் கலக்கிறது. கலக்கிறது என்றால் உடனே இல்லை, ரொம்ப தூரத்துக்கு ஒரு கோடு தெரிகிறது. கப்பல்காரன் கண்ணுக்கு அது போதும், அந்த ஆற்றுக்குள் எவன் நுழைந்தாலும் இந்தப் பாறைக்கு அடியில்தான் வந்தாக வேண்டும். வெள்ளி பெருவிலிருந்து பனாமா நகரத்துக்குக் கடலில் வரும். அங்கிருந்து கோவேறு கழுதை முதுகில் காட்டுப் பாதை, அப்புறம் இந்த ஆற்றில் வள்ளம், பிறகு போர்ட்டோபெலோ, பிறகு ஸ்பெயின். கால்வாய் வருவதற்கு முன்னால் கால்வாய் இந்த ஆறுதான். லாக்கில் இழுக்கும் இன்ஜினுக்கு ஏன் கழுதைப் பேர் என்று நான் அதுவரைக்கும் யோசித்ததில்லை.

பீரங்கிகள் வண்டி இல்லாமல் தரையில் கிடக்கின்றன. ஒன்றின் வாயைத் தொட்டேன், துரு செதிலாகக் கையோடு வந்தது. பிலிப்பினோ திட்டினான். பக்கத்தில் ஒரு செங்கல் படி. அதில் எறும்பு வரிசை. ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரிய பச்சை இலைத் துண்டைத் தலைக்கு மேலே செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு போகிறது. காற்று அடிக்கும்போது எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன, பாய் கட்டிய வள்ளங்கள் வரிசையாகப் போகிற மாதிரி. பீரங்கியைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன். பொய் சொல்வானேன்.

ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன். கடற்கொள்ளைத் தலைவன் ஹென்றி மார்கனின் ஆட்கள் 1671 ஜனவரியில் இந்தக் கோட்டையைப் பிடித்துவிட்டுத்தான் ஆற்றோடு மேலே போய் பனாமா நகரத்தைக் கொள்ளையடித்தார்கள். அந்தக் கொள்ளையரில் ஒருவர் எழுதிவைத்த கதை: ஒருத்தன் உடம்பில் அம்பு பாய்ந்ததாம். பிடுங்கி, பஞ்சைச் சுற்றி, தன் துப்பாக்கியிலேயே போட்டுத் திருப்பிச் சுட்டானாம். கோட்டைக்குள் ஓலைக்கூரை பற்றிக்கொண்டதாம். நடந்ததோ இல்லையோ, ஓலை வேய்ந்த வீட்டில் பிறந்த எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் இப்போது கண்ணால் பார்க்கிற சுவர் அந்தச் சுவர் இல்லை. 1740இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி வெர்னன் வந்து குண்டு போட்டுத் தகர்த்தார், 1760களில் ஸ்பானியர் திரும்பக் கட்டியதுதான் நிற்கிறது. 1740 என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மறு வருஷம்தானே எங்கள் கொளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றது! அதில் தோற்றுப் பிடிபட்ட டிலனாய் பிறகு இங்கே கோட்டை கட்டியதும் அதை ஒட்டிய காலம்தான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். நான் போனது பிப்ரவரி, அங்கே வெயில் காலம். நவம்பரில் கரீபியன் பக்கம் மழை கொட்டும். குடை பிரயோஜனம் இல்லை, மழைக்கோட்டு வேண்டும். செருப்பு வேண்டாம், கல் வழுக்கும். காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள். நவம்பர் 3, 4, 5, 10, 28 அங்கே விடுமுறை, ஊர்வலம், ரோடு அடைப்பு எல்லாம் இருக்கும். தேதி பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில் இருந்தால் நகல் ஒன்று பையில் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது. எங்கள் குக் ஒருத்தர் கார்டைத் தொலைத்துவிட்டு ஊருக்கு வந்தார். விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் தனியாக வைத்துவிட்டார்கள். அவர் மகளுக்கு அந்த வாரம் ஆதி நற்கருணை.

குலசேகரம் செடிகொடி:

போசன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. நான் தாவரவியல் படித்தவள், பனாமாவுக்குப் போனதில்லை. ஆனால் எங்கள் பாடத்தில் பனாமா இல்லாத வருஷமே இல்லை.

சாக்ரெஸ் ஆற்றைக் குறுக்கே அணை கட்டித் தடுத்ததில்தான் கத்தூன் ஏரி உண்டானது. அப்போது மூழ்காமல் தப்பிய ஒரு மலை உச்சி தீவாகிவிட்டது, பாரோ கொலராடோ என்று பேர். அங்கே 50 ஹெக்டேர் காட்டில் பென்சில் பருமன் கன்றிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, அளந்து, சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பவும் அளக்கிறார்கள். அதே முறையில் நம்ம முதுமலையிலும் 50 ஹெக்டேர் உண்டு. முதுகலை படிக்கும்போது அங்கே இரண்டு வாரம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அட்டைக்கு ரத்த தானம் செய்ததுதான் அதிகம்.

வாத்தியார் சார், காடு வெறும் வேடிக்கைக்கு இல்லை என்று மகனிடம் சொல்லுங்கள். அவன் கப்பலைத் தூக்கி இறக்கியதே அந்தக் காட்டில் பெய்த மழைதான். கடல் தண்ணீரை அங்கே மேலே ஏற்றுவதில்லை. ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது தன் எடையில் இறங்கி லாக்கை நிரப்புகிறது, பம்ப் கிடையாது. ஒரு கப்பல் தாண்ட ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. 2023இல் மழை பொய்த்தபோது தினம் 36 கப்பலை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் 25க்கும் கீழே குறைத்துவிட்டார்கள். பேச்சிப்பாறையில் தண்ணீர் இறங்கினால் கடைமடையில் முறை வைப்பார்களே, அதேதான்.

இன்னொன்று, அந்த எறும்புகள் இலையைத் தின்பதில்லை அண்ணா. புற்றுக்குள் கொண்டுபோய் மக்கவைத்து, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து, அந்தப் பூஞ்சையைத்தான் தின்கின்றன. அதுவும் ஒரு தோட்டம்தான்.

முட்டம் கலங்கரை:

போர்ட்டோபெலோவுக்காக ஒருவரும் பேசவில்லையே. கணவரோடு ஒரு காண்ட்ராக்ட் கப்பலில் இருந்தபோது போனேன். அங்கே பழைய கோவிலில் கருப்பு இயேசு சுரூபம் இருக்கிறது, அக்டோபர் 21 திருவிழா. ஊதா உடை உடுத்திக்கொண்டு நேர்ச்சைக்கு முழங்காலில் வருவார்களாம். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கூட்டம் கண்ணில் வந்தது. உங்கள் பையன் நவம்பரில் போவதால் கிடைக்காது, ஆனால் கோட்டைச் சுவர் வளைகுடாக் கரையிலேயே இருக்கிறது, சுற்றி ஊர் இருக்கிறது, சாப்பாடு கிடைக்கும். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறும் மீனும் தந்தார்கள். பத்து மாசம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

தக்கலை வாத்தியார்:

அனைவருக்கும் நன்றி. மணவாளக்குறிச்சி நண்பருக்கு: வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பை உதயகிரிக்குக் கூட்டிப் போனவன் நான். கல்லறையில் இருக்கும் தமிழை வாசிக்கச் சொல்லி எழுதியும் வாங்கியிருக்கிறேன். அதில் பாதிப் பேர் வௌவாலைப் பற்றி எழுதினார்கள்.

போசன் தம்பி, அட்லஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. 31 வருஷம், வருஷத்துக்கு இரண்டு பிரிவு. அத்தனை பிள்ளைகளுக்கும் தப்பாக வரைந்திருக்கிறேன். அதில் ஒருவன் உங்கள் கப்பலிலேயே இருந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

பழைய பனாமாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. விமானம் பனாமா நகரத்திலிருந்துதான் என்பதால் கடைசி நாள் பகலில் அவன் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

கொளச்சல் போசன்:

பார்க்கலாம் சார். நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, காட்டில் தேட வேண்டாம். ஏர்போர்ட் போகிற வழியில் டாக்சியை நிறுத்தி அந்தக் கோவில் கோபுரத்தை மட்டும் நான் பார்த்தேன். பெட்டியை வண்டியில் விட்டுவிட்டு ஏற மனசு வரவில்லை. பின்னாலே கண்ணாடி மாடிகள் வானத்துக்கு நிற்கின்றன, முன்னாலே இந்த மொட்டைக் கோபுரம். பையனிடம் பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

தக்கலை வாத்தியார்:

மகன் நேற்று வந்து சேர்ந்தான். சான் லொரென்சோ போயிருக்கிறான். போன நேரம் மழை, அரை மணி நேரம் கோட்டைக்குள் ஒரு வளைவுக்கு அடியில் டிரைவரோடு நின்றிருக்கிறான். எறும்பு ஒன்றும் வெளியே வரவில்லையாம். குரங்குச் சத்தம் மட்டும் கேட்டதாம், ரெக்கார்டு செய்து கொண்டுவந்தான். அவன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இதுக்கா போன?" என்றாள். ஷூவில் ஒட்டிய செம்மண்ணை இன்னும் கழுவவில்லை, திண்ணையில் கிடக்கிறது.

கோட்டையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அந்தப் பிரெஞ்சு வாய்க்காலைத் தேடி நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார்த்திருக்கிறான். போசன் எழுதியதைப் படித்துக் காட்டியிருந்தேன், அதனால்தான். இப்போது ஏவிஎம் கால்வாயைப் பார்க்க வேண்டும் என்கிறான். 1860 என்று தேதி எல்லாம் சொல்லிக்கொடுத்த எனக்கே அதைக் கரையோரமாக நடந்து பார்த்த பழக்கம் இல்லை. பூவாறிலிருந்து மண்டைக்காடு வரைக்கும் எந்த இடத்தில் இன்னும் தண்ணீரோடு, பார்க்கிற மாதிரி இருக்கிறது? பைக்கில்தான் வருவோம். தேங்காய்ப்பட்டணம் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.